அக்வாபோனிக்ஸ் தண்ணீரில் அம்மோனியா பார்க்க மலிவான வழி உண்டா?

மார்த்தாண்டம் மாடி:
மாடியில் 500 லிட்டர் தொட்டி, உள்ளே திலேப்பியா. தண்ணீர் ஜல்லிப் படுக்கை வழியே சுற்றி வருகிறது. மேலே தண்டங்கீரையும் புதினாவும். மீன் விட்டது புதுசு. விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. தண்ணீர் சோதிக்கும் முழு கிட் விலை கேட்டால் மூவாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். டிடிஎஸ் மீட்டர் கையில் இருக்கு, அதை வைத்து அம்மோனியா பார்த்து ஒப்பேற்றலாமா?

குளச்சல்காரன்:
தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்குங்க அண்ணே, சல்லிசு. டப்பாவை இறுக்கி மூடணும், நம்ம ஊர் ஈரக்காற்று பட்டா நிறம் தப்பும்.

திருவட்டார் லேப் அண்ணாச்சி:
டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். அம்மோனியாவைத் தனியாகச் சொல்லாது. ஸ்ட்ரிப் நைட்ரேட்டுக்கு (அம்மோனியா கடைசியில் மாறி வருவது) போதும், ஆனால் பலவற்றில் அம்மோனியா கட்டமே கிடையாது.

முழு கிட் எதற்கு? அம்மோனியா, நைட்ரைட் (அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் வழியில் இடையில் வருவது), பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) மூன்றுக்கும், தண்ணீரில் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சொட்டு மருந்து தனித்தனியாக வாங்குங்கள். புதுத் தொட்டியில் மீனைக் கொல்வது முதல் இரண்டும்தான். அம்மோனியாவுக்கு சாலிசிலேட் முறை கிட்டாகப் பாருங்கள், மஞ்சளில் இருந்து பச்சைக்குப் போகும். இன்னொரு வகையான நெஸ்லர் முறையில் பாதரசம் இருக்கிறது. சோதித்த தண்ணீரைக் கீரையில் ஊற்றிவிடப் போகிறீர்கள்! நிறத்தை டியூப்லைட்டில் பார்க்காமல், பகல் நிழலில் வெள்ளைத்தாள் பிடித்துப் பாருங்கள். போன் கேமரா நிறத்தை மாற்றிவிடும்.

கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் விஷமான பங்கு பிஹெச்சைப் பொறுத்தது. 28 டிகிரியில் பிஹெச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 8 ஆனால் 6, 7 பங்கு. ஆகவே பிஹெச் பார்க்காத அம்மோனியா கணக்கு பாதிக் கணக்குதான்.

நைட்ரேட்டுக்கும் சொட்டு மருந்தே வாங்கினால் இரண்டாவது பாட்டிலை நன்றாகக் குலுக்கணும், அடியில் துத்தநாகத்தூள் படிந்து கிடக்கும். நிறம் கிட்டோடு வரும் நிற அட்டையைத் தாண்டினால் ஒரு பங்கு தண்ணீரோடு நாலு பங்கு பேட்டரி டிஸ்டில்டு வாட்டர் கலந்து பார்த்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள்.

அப்புறம், விடியற்காலையில் வாய் பிளப்பது ஆக்சிஜன் குறைவாலும் வரும். ராத்திரி ஏர் பம்பு ஓடுதா?

மார்த்தாண்டம் மாடி:
ராத்திரி அணைத்துத்தான் வைக்கிறோம் அண்ணாச்சி, சத்தம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நைட்ரைட் ஏறினால் என்ன செய்ய?

திருவட்டார் லேப் அண்ணாச்சி:
முதலில் பம்பைப் போடுங்க மக்கா, அடியில் பழைய ரப்பர் ஷீட் வைத்தால் சத்தம் குறையும். நைட்ரைட் ஏறினால் தீனியை நிறுத்தி, கொஞ்சம் தண்ணீர் மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்து விடுங்கள். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழி நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். பீன்ஸ் ஏதும் நட்டிருக்கிறீர்களா? அதுக்கு உப்பு ஆகாது.