பிஎஸ்6 வண்டியில் நாக்ஸ் எச்சரிக்கை: கேட்டலிஸ்டையே மாற்ற வேண்டுமா?

ஆத்தங்குடி வண்டி:
வணக்கம். ஆத்தங்குடியிலிருந்து பூக்கல் (தரை ஓடு) ஏற்றிப் போகும் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிக்கான) டீசல் வண்டி எங்களுடையது. பெரும்பாலும் கானாடுகாத்தான், பள்ளத்தூர், காரைக்குடி என்று பக்கத்து ஓட்டம்தான். எச்சரிக்கை விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. ஸ்கேனரில் பி20இஇ என்று வருகிறது, பிக்கப்பும் குறைந்துவிட்டது. "உள்ளே ஜியோலைட் செத்துப்போச்சு, எஸ்.சி.ஆர். முழுசா மாத்தணும்" என்கிறார் மெக்கானிக்; எஸ்.சி.ஆர். என்றால் புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) பகுதியாம். தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. டெஃப் (அதற்காகப் புகையில் தெளிக்கும் யூரியாக் கரைசல்) வாங்குவதற்குப் பதில் உர யூரியாவைப் போர் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்று ஒரு டிரைவர் அண்ணன் சொல்கிறார். செய்யலாமா?

காரைக்குடி டீசல் பட்டறை:
தம்பி, பி20இஇ என்றால் நாக்ஸ் (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள்) சரியாகக் குறையவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். சென்சார், டெஃப், இன்ஜெக்டர், கேட்டலிஸ்ட் எதுவாகவும் இருக்கலாம். முதலில் டெஃப் இன்ஜெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பக்கத்து ஓட்டத்தில் புகைக்குழாய் சூடேறாது; சுமார் 200 டிகிரிக்குக் கீழே யூரியா சரியாகப் பிரியாமல் வெள்ளையாக உறைந்துவிடும். ரிஃப்ராக்டோமீட்டரில் (கரைசலின் செறிவைக் காட்டும் கருவி) டெஃப்பில் யூரியா 32.5% இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தேவகோட்டை வேதியியல் ஆசிரியர்:
உர யூரியா வேண்டவே வேண்டாம். அதில் வேப்பெண்ணெய் பூச்சு உண்டு, யூரியா தயாரிப்பில் உண்டாகும் பையூரெட் என்ற துணைப்பொருளும் அதிகம். போர் தண்ணீர் அதைவிட மோசம்.

ஏன் என்று சொல்கிறேன். இப்போதைய வண்டிகள் பலவற்றில் இருப்பது தாமிரம் ஏற்றிய எஸ்எஸ்இசட்-13 என்ற ஜியோலைட். சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து கட்டிய கூண்டு அது. வாசல் சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம்தான் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). அலுமினியம் இருக்கும் இடத்தில் ஓர் எதிர்மின்சுமை மிஞ்சும், தாமிர அயனி அங்கேதான் ஒட்டிக்கொள்ளும். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியா அந்தத் தாமிரத்தில் நைட்ரஜன் ஆக்சைடைச் சந்தித்து வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். போர் தண்ணீரின் சோடியமும் பொட்டாசியமும் போய்த் தாமிரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அந்த வேலை நடக்காது. அதைச் சூடேற்றி விரட்டவும் முடியாது. கந்தகம் படிந்தால் 500 டிகிரிக்கு மேல் ஓரளவு போகும், உப்பு போகாது.

அதே சமயம் இந்தக் கூண்டு சுலபத்தில் சாகாது. முன்பு பயன்பட்ட இசட்எஸ்எம்-5 வகையில் கடும் சூட்டிலும் நீராவியிலும் அலுமினியம் கழன்றுவிடும்; வாசல் சிறியதான இது அதைத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பார்க்காமலே மாற்றச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆத்தங்குடி வண்டி:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணே. டெஃப் அளவு சரியாக 32.5 காட்டுகிறது. இன்ஜெக்டர் நுனியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி படிவு இருந்தது. வெந்நீரில் பாதி கரைந்தது, மீதி கெட்டியாக நிற்கிறது.

தேவகோட்டை வேதியியல் ஆசிரியர்:
கரைந்தது யூரியா. நிற்பது பெரும்பாலும் யூரியா சரியாகப் பிரியாதபோது உண்டாகும் சயனூரிக் அமிலம். அதற்குச் சூடுதான் வேண்டும். கம்பியால் சுரண்டாதீர்கள், துளை கெட்டுவிடும்.

காரைக்குடி டீசல் பட்டறை:
இன்ஜெக்டரை மாட்டிவிட்டு, பட்டறையில் ஸ்கேனர் வழியாக டிபிஎஃப் ரீஜெனரேஷன் (புகைக்கரி வடிகட்டியைச் சூடேற்றிச் சுத்தம் செய்வது) போடச் சொல்லுங்கள்; ஐயா சொன்ன சூடு அதில் கிடைக்கும். அப்புறம் லோடோடு திருச்சி வரை ஒரே ஓட்டமாகப் போய் வாருங்கள். சூடான பிறகு முன் நாக்ஸ் சென்சார், பின் நாக்ஸ் சென்சார் இரண்டின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னது நன்றாகக் குறைந்து நின்றால் கேட்டலிஸ்டில் கை வைக்க வேண்டாம். குறையவில்லை என்றால் அந்த அளவுகளை இங்கே போடுங்கள், அடுத்து சென்சாரைப் பார்ப்போம்.