தாத்தா வீட்டுக் கருடனை வைத்துக்கொள்ளலாமா?

மேலூர்ப் பேரன்:
தாத்தா இறந்து இன்றோடு 52 நாள். கூடத்தில் ஊஞ்சலுக்கு மேலே ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாடம் செய்த செம்பருந்து. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. ஒரு கண்ணாடிக் கண் விழுந்துவிட்டது, அந்தக் குழியில் பழுப்பேறிய பஞ்சு தெரியும். அடிப்பலகையில் பென்சிலால் 1961 என்று எழுதியிருக்கிறது. அழகர் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் எழுந்தருளும் நாளில் அப்பத்தா அந்தக் கண்ணாடிக்குச் சந்தனம் வைப்பார். துடைத்தும் போகாத மஞ்சள் வட்டம் இன்னும் இருக்கிறது.

இப்போது பாகம் பிரிக்கிறோம். சித்தப்பா காரில் சென்னைக்கு எடுத்துப்போகிறேன் என்கிறார். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவரும் வந்து விலை கேட்டுவிட்டுப் போனார். வன உயிரினச் சட்டம் வருவதற்கு முன்னாடி செய்ததுதானே, என்ன தப்பு என்பதுதான் வீட்டில் எல்லோர் பேச்சும். எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி ராசு:
எதற்கு வம்பு? தோட்டத்தில் வைத்து எரித்துவிடுங்கள். ஆபீஸ் பக்கம் போனால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

யானைமலை நிழல்:
தம்பி, தயவுசெய்து எரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் பாடம் செய்யும்போது தோலில் ஆர்செனிக் என்ற விஷத்தைத் தடவுவது வழக்கம். அந்தப் புகை வீட்டில் யாருக்கும் ஆகாது. வெறும் கையால் தொடவும் வேண்டாம், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

செம்பருந்து 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் வருகிறது. உயிரோடு இருந்தாலும் பாடம் செய்திருந்தாலும் சட்டம் ஒன்றுதான். பழையது என்பது மட்டும் காப்பாற்றாது. வைத்திருப்பவர், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தெரிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் விட்டவர்களுக்கு 2003-இல் 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள். நியாயமாக வந்த பொருள் என்று நிரூபிக்கும் பாரமும் வைத்திருப்பவர் தலையில்தான். பென்சில் எழுத்தை நம்பி உட்கார்ந்துவிட முடியாது.

தாத்தாவின் பத்திரப் பெட்டியை முதலில் தேடுங்கள். வாரிசாக வந்தது என்றால் 90 நாளுக்குள் நீங்கள் தெரிவிக்க வேண்டும், 40ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. உங்களுக்கு இன்னும் 38 நாள்தான். விற்கிற பேச்சே வேண்டாம், சான்றிதழ் இருந்தாலும் விற்கக்கூடாது. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். மயிலிறகு எல்லோர் வீட்டிலும் இருக்கிறதே என்பார்கள். மயில் தோகைக்கு விலக்கு உண்டு, பருந்துக்குக் கிடையாது.

சான்றிதழ் இருந்து, வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால் ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்படைத்துவிடலாம். 2022 திருத்தத்தில் அதற்கு வழி செய்திருக்கிறார்கள். பணம் எதுவும் தரமாட்டார்கள். காகிதமே இல்லையென்றால் வக்கீலிடம் கேட்டுக்கொண்டு, எழுத்து மூலமாக மாவட்ட வன அலுவலரிடம் போங்கள்.

ஞாயிறு தவறாமல் அரிட்டாபட்டி மலைக்குப் போகிறவன் நான். லகர் வல்லூறு என்ற வேட்டைப் பறவை பாறை இடுக்கிலிருந்து கிளம்பிக் கண்மாய்க்கு மேலே போவதை அண்ணாந்து பார்த்துப் பழகிவிட்டது. இந்தப் பருந்து, வல்லூறு வகைகளுக்கு ஒரு விலை உண்டு என்று வெளியே தெரிந்தால் வலையோடு வர ஆள் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்தச் சாமான் வியாபாரியை மறுபடி வாசலில் ஏற்றாதீர்கள்.

மேலூர்ப் பேரன்:
ரொம்ப நன்றி அண்ணே. டிரங்குப் பெட்டி முழுக்கக் கிஸ்தி ரசீதும் கிணற்று மோட்டார் பில்லும்தான், சான்றிதழ் இல்லை. திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். சித்தப்பாவிடம் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், காரில் ஏற்றவில்லை. பெட்டியைத் தாத்தாவின் பழைய வேட்டியால் மூடி வைத்திருக்கிறோம்.

யானைமலை நிழல்:
சரி தம்பி. போவதற்கு முன்னாடி பெட்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பலகை எழுத்து தெளிவாக விழட்டும்.