“அப்பா என்ன விதைத்தார்?” – வினையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசியவர்களின் அனுபவங்கள்

சமய வகுப்பு ஆசிரியை, மயிலாடுதுறை

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் காலையில் நடக்கும் தேவார வகுப்பில் ஒன்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரம் வினைப்பயன் பற்றிச் சொல்ல நினைத்து, எல்லோரும் சொல்வதைப் போலவே, “தினை விதைத்தவன் தினை அறுப்பான், வினை விதைத்தவன் வினை அறுப்பான்” என்ற பழமொழியிலிருந்து தொடங்கினேன். பிள்ளைகள் உற்சாகமாகத் தலையாட்டினார்கள். பொய் சொன்னவன் விழுந்தான், பூனையை அடித்தவனுக்குக் காய்ச்சல் வந்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நானும் தடுக்கவில்லை. அப்போது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “அப்படியானால் எங்கள் அப்பா என்ன விதைத்தார், டீச்சர்?” என்று கேட்டாள். அவளுடைய தந்தை அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான் சாலை விபத்தில் இறந்திருந்தார்.

அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளை அருகில் அழைத்து உட்கார வைத்துக்கொண்டு, வகுப்பைப் பாட்டோடு முடித்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என்னை உறங்க விடவில்லை. பிள்ளையின் கையில் நானே ஒரு கத்தியைக் கொடுத்து, அதை அவள் தன் தந்தையின் மீதே திருப்பும்படி செய்துவிட்டதாகத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு அப்பரின் முதல் பதிகத்தை எடுத்தேன். சூலை நோய் குடலைத் துடக்கி முறுக்கும்போது திருவதிகையில் அவர் பாடியது அது. “கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நானறியேன்” என்பது அதன் தொடக்கம். தன்னுடைய வலிக்குத் தான் செய்த வினை எது என்பது தனக்கே தெரியவில்லை என்கிறார் அவ்வளவு பெரிய அடியார். அப்படியிருக்க, அடுத்தவருக்கு வந்த துன்பத்தைப் பார்த்து இன்ன வினையால் வந்தது என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். பிறகு அப்பரின் அக்கா திலகவதியாரைப் பற்றிச் சொன்னேன். தாய் தந்தை இருவரையும் இழந்து, மணம் பேசியிருந்த கலிப்பகையாரையும் போரில் இழந்தவர் அவர். கோயிலில் அலகிட்டு மெழுகித் தொண்டு செய்தவர். சமணத்துக்குப் போயிருந்த தம்பி நோயோடு வந்து காலில் விழுந்தபோது, “நீ செய்ததற்கு நீயே அனுபவி” என்று அவர் சொல்லவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

சஞ்சிதம் (முன்பே சேர்ந்து கிடப்பது), பிராரத்தம் (அதில் இப்பிறவியில் அனுபவிப்பது), ஆகாமியம் (இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது) என்று வினையை மூன்றாகப் பிரிக்கும் பாடத்தில் இப்போது கடைசியானதில்தான் அதிக நேரம் நிற்கிறேன். முதல் இரண்டும் நம் கண்ணுக்கு எட்டாதவை. இன்று நான் என்ன செய்கிறேன் என்பது மட்டுமே எட்டு வயதுப் பிள்ளையின் கைக்குள் இருப்பது. பிறர் துன்பத்துக்குக் காரணம் சொல்லும் கருவியாக வினைக் கொள்கையைக் குழந்தைகளுக்கு ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள் என்று இங்குள்ள எல்லோரையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தந்தை, கோயம்புத்தூர்

நான் செய்த பிழை வேறு வகையானது. என் மகனுக்கு நற்செயல் பழக வேண்டும் என்று சுவரில் ஓர் அட்டை ஒட்டி, உதவி ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண் என்றும், ஒரு வாரத்தில் நூறு சேர்ந்தால் பரிசு என்றும் வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இரவு என் அம்மா மூட்டுவலிக்குத் தைலம் எடுத்துத் தரும்படி அவனைக் கூப்பிட்டார். “இந்த வாரம் நூறு ஆகிவிட்டது, பாட்டி” என்று சொல்லிவிட்டு அவன் படுத்துக்கொண்டான். மறுநாள் அட்டையைக் கிழித்தேன்; குற்றம் அவனுடையது அன்று.

வள்ளல் ஆய் அண்டிரனைப் புறநானூற்றில் பாடிய புலவர் முடமோசியார், இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்குப் பார்க்கும் “அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்” என்கிறார். அறத்தை விலைபேசும் வணிகம்தான் என் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. அதன் பிறகு அவனை வடலூருக்கு அழைத்துச் சென்றேன். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிவதைக் காட்டினேன். இத்தனை ஆண்டுகளில் இங்கே சாப்பிட்டவர்களின் பெயரை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டான். பசி என்று வந்தவர் என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை என்றேன். திரும்பும் வழியில் அவன் வெகுநேரம் பேசாமல் வந்தான்.

உழவாரப் பணிக் குழுவில் இருப்பவர், தஞ்சாவூர்

பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் எங்களோடு வந்து ஒரு பழைய கோயிலின் திருச்சுற்றில் கோரையைப் பிடுங்கினார்கள். நல்ல வெயில், கையெல்லாம் கொப்புளம். மூன்று வாரம் கழித்து, இடையில் மழையும் பெய்திருந்த நிலையில், மறுபடி வந்தபோது பாதி இடத்தில் கோரை முளைத்திருந்தது. கிழங்கு மண்ணுக்குள் இருந்தால் அது வரத்தான் செய்யும். ஒரு பையன் உட்கார்ந்துவிட்டு, “பலனை எதிர்பார்க்கக் கூடாது என்றால், பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாமே, மாமா” என்றான்.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்து நாற்பத்தேழாம் சுலோகத்தைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று சொன்ன கண்ணன், அதே சுலோகத்தின் இறுதியில், செயலின்றி இருப்பதிலும் பற்று வைக்காதே என்கிறான். அந்தப் பையனின் கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது. ஆனால் அன்று நான் சுலோகம் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, களைக்கொத்தைச் சாய்த்துப் பிடித்துக் கிழங்கோடு எடுப்பது எப்படி என்று காட்டினேன். பலனைப் பற்றிக் கவலைப்படாதே என்பது வேலையை ஏனோதானோ என்று செய் என்பதாகக் குழந்தைகளுக்குப் போய்ச் சேரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். புகலூரில் புல் செதுக்கும் கருவியான உழவாரத்தின் நுனியில் பொன்னும் மணியும் பட்டபோது, அவற்றையும் கல்லோடு கல்லாக அள்ளிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்த அப்பரின் கதையை நிழலில் மோர் குடிக்கும்போது சொன்னேன்.

அந்தச் சிறுமி இப்போது எப்படி இருக்கிறாள் என்று மயிலாடுதுறை அம்மாவிடம் கேட்க விரும்புகிறேன்.

சமய வகுப்பு ஆசிரியை, மயிலாடுதுறை

கேட்டதற்கு நன்றி, ஐயா. அவள் இன்றும் வகுப்புக்கு வருகிறாள். சென்ற ஆண்டு தந்தையின் திதிக்கு மறுநாள் ஞாயிறாக இருந்தது. பெரிய தூக்கு நிறையத் தயிர்சாதம் கொண்டுவந்து, வகுப்பு முடிந்ததும் கோயில் வாசலில் பூக்கட்டும் பாட்டியிலிருந்து செருப்புப் பார்த்துக்கொள்பவர் வரை எல்லோருக்கும் தானே இலையில் வைத்துக் கொடுத்தாள். “என்ன பாப்பா விசேஷம்?” என்று பூக்காரப் பாட்டி கேட்டார். “சும்மாதான், பாட்டி” என்று சொல்லிவிட்டு, அடுத்த இலையை எடுத்தாள்.