நண்டு, வெள்ளைச் சோஸ், ஓவன்: செய்து பார்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே,

கனடாவிலிருந்து வரும் அக்காவின் பிள்ளைகள் உறைப்பைத் தொடமாட்டார்கள். அவர்களுக்காக நண்டுச் சதையை வெள்ளைச் சோஸில் கலந்து, மேலே பாண் தூளும் சீஸும் தூவி ஓவனில் வைக்கப் போகிறேன். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் நல்ல நீலக்கால் நண்டு வாங்கிவிடலாம், அதில் கவலையில்லை.

கவலையெல்லாம் தண்ணீர்தான். அவித்து உடைத்த நண்டின் சதையிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். பிழிந்தாலோ இனிப்பும் சேர்ந்து போய்விடும். பட்டரில் கோதுமை மாவை வறுத்துப் பால் ஊற்றும்போது, சோஸை வழமையைவிட இறுக்கமாகக் காய்ச்சினால் போதுமா? பாலைக் கொஞ்சம் குறைத்து, அதற்குப் பதிலாக வடிந்த நீரையே சேர்க்கலாமா?

கிரீமுக்குப் பதிலாகத் தேங்காயின் முதற்பாலை ஊற்றச் சொல்கிறார் அம்மா. 180 பாகைச் சூட்டில் அது திரைந்து எண்ணெய் பிரியாதா? சதை ஏற்கெனவே வெந்ததுதானே, மேற்பரப்பு சிவந்ததும் எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். எத்தனை நிமிடம் பிடிக்கும் என்றும் எழுதுங்கள்.

“முருங்கையிலை போட்டுக் கறி வையுங்கள்” என்று எழுத வரும் அண்ணாமாருக்கு: அதுவும் பக்கத்து அடுப்பில் கொதிக்கும், பயப்பட வேண்டாம்.