பொஸ்போ எஸ்6 அன்ரிபொடிக்குப் பாண்ட் வருதில்லை, பழுதாப் போச்சோ?

பாலைப்பழம்:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு லாப்பிலை கடைசி வருச புரொஜெக்ட் செய்யிறன், எலி ஈரல்லை எஸ்6 எண்ட றைபோசோம் புரதத்தை வெஸ்ரேண் புளொட்டிலை (புரதங்களை ஜெல்லிலை அளவுப்படி பிரிச்சு, மெம்பிரேன் எண்ட தாளுக்கு மாத்தி, அன்ரிபொடியாலை தேடுறது) பாக்கிறதுதான் வேலை. ரெண்டு அன்ரிபொடி (தனக்குரிய புரதத்தைத் தேடி ஒட்டுறது) இருக்கு. ஒண்டு மொத்த எஸ்6ஐப் பிடிக்கும், மற்றது பொஸ்போ, 235, 236ஆம் இடத்துச் செரீன் எண்ட அமினோ அமிலத்திலை பொஸ்பேற் ஏறியிருந்தால் மட்டும் பிடிக்கும். மொத்தத்துக்கு 32 கிலோடால்டன்லை வடிவா ஒரே பாண்ட் (கோடு). பொஸ்போவுக்கு ஒண்டுமில்லை, மெம்பிரேன் முழுக்கப் புகை பிடிச்ச மாதிரிக் கறுப்பு. அந்தப் போத்தில் கொழும்பிலை இருந்து இரவு பஸ்ஸிலை றெஜிபோம் பெட்டிக்கை வந்தது, விடிய இறக்கேக்கை ஐஸ் எல்லாம் தண்ணி, போன கிழமை ஆறு மணித்தியாலம் கரண்டும் இல்லை. புதுசு வாங்கித் தாங்கோ எண்டு மிஸ்ஸிட்டைக் கேக்கவே பயமாக் கிடக்கு. அன்ரிபொடி கண்ட இடமெல்லாம் ஒட்டாமல் மெம்பிரேனைப் புளொக் பண்ணினது கடைப் பால்மாவிலை. எலியளை முதல்நாள் இரவு முழுக்கப் பட்டினி போட்டுத்தான் எடுத்தனாங்கள்.

கனகராயன்:
தங்கச்சி, மைனஸ் 20இலை இருக்கிற போத்திலைச் சரிச்சுப் பாருங்கோ. உறையாமல் தேன் மாதிரி ஓடினால் அதுக்கை பாதிக்குப் பாதி கிளிசரோல் கிடக்கு, அப்பிடியெண்டா ஒரு இரவு பஸ்ஸும் ஆறு மணித்தியாலக் கரண்டும் அதைக் கொல்லாது. எனக்குச் சந்தேகம் பால்மாவிலைதான். கடையிலை விக்கிறது முழு ஆடைப் பால்மா, கொழுப்புக் கூட, அதோடை பாலிலை இருக்கிற கேசீனிலேயே பொஸ்பேற் ஒட்டியிருக்கு. பொஸ்போ அன்ரிபொடிக்கு 5 வீத பிஎஸ்ஏயிலை (மாட்டு அல்புமின் புரதம்) புளொக் பண்ணுங்கோ, கழுவுறதுக்கும் பொஸ்பேற் இருக்கிற பிபிஎஸ் கரைசலை விட்டிட்டு அது இல்லாத ரிபிஎஸ் எடுங்கோ.

முறிகண்டி அக்கா:
தம்பி சொன்னது சரி, அந்தக் கறுப்பு அதிலை குறையும். ஆனா பாண்ட் வராததுக்குக் காரணம் பிள்ளை எழுதின கடைசி வரியிலை கிடக்கு. எலி சாப்பிட்டால் இன்சுலினும் அமினோ அமிலமும் ஏறி எம்ரோர் எண்ட நொதி வேலை செய்யும், எம்ரோர் எஸ்6 கைனேஸ் எண்ட இன்னொரு நொதியைத் தட்டி எழுப்பும், அதுதான் எஸ்6இலை பொஸ்பேற்றை ஏத்திறது. ராத்திரி முழுக்கப் பட்டினியெண்டா ஈரல்லை அது கிட்டத்தட்ட இல்லாமலே போகும். இல்லாததை அன்ரிபொடி எப்பிடிக் காட்டும்?

நானும் இப்பிடித்தான் மூண்டு கிழமை போத்திலைத் திட்டினனான். பிறகு பட்டினி கிடந்த எலியையும், திருப்பிச் சாப்பாடு குடுத்து ஒரு மணித்தியாலத்தாலை எடுத்த எலியையும் பக்கத்திலை பக்கத்திலை ஓட்டினன். சாப்பிட்டதிலை 32இலை கன்னங்கரேலெண்டு பாண்ட், மற்றதிலை வெறும் வெள்ளை. இருட்டறைக்கை அழுதிட்டன்.

இன்னொண்டு, ஈரலை வெட்டின உடனை ஐஸிலை போட்டனீங்களோ? அரைக்கிற பஃபர் கரைசலுக்கை சோடியம் புளோரைட், பீற்றா கிளிசரோபொஸ்பேற் இருந்ததோ? இல்லாட்டி பொஸ்பற்றேஸ் எண்ட நொதி, ஏறியிருக்கிற பொஸ்பேற்றையும் கழட்டிப் போடும்.

பாலைப்பழம்:
அக்கா, புளோரைட் போடவே இல்லை!! புரதம் சிதையாமல் இருக்கிற மருந்து மட்டும்தான் போட்டனாங்கள். சாப்பிட்ட எலியின்ரை ஈரல் வேறை குறூப்பிலை மைனஸ் 80இலை கிடக்கு, நாளைக்கே கேக்கிறன். ரெண்டு அன்ரிபொடியும் முயல்லை எடுத்தது, ஒரே மெம்பிரேன்லை மாறி மாறிப் போடலாமோ?

முறிகண்டி அக்கா:
ரெண்டு ஜெல் ஓட்டுங்கோ, அதுதான் நல்லம். ஒண்டுதான் ஏலுமெண்டா முதல் பொஸ்போ, பிறகு ஸ்ரிப் பண்ணி (முதல் போட்ட அன்ரிபொடியைக் கழட்டி எடுத்து) மொத்தம். அவையளிட்டை கேக்கேக்கை அந்த ஈரலை எதுக்கை அரைச்சவை எண்டும் கேளுங்கோ, முழுசா உறைஞ்சு கிடந்தால் புளோரைட் போட்டு நீங்களே அரைக்கலாம்.