புதுப்பிப்பு: கேமுக்கும் பாட்டுக்கும் ஒரே ஹெட்போன்

ஐந்தாயிரம் ரூபாய்க்குள் கேமுக்கும் பாட்டுக்கும் சேர்த்துப் பயன்படும் ஹெட்போன் எது என்று முன்பு கேட்டிருந்தேன். மைக்குடன் வரும் கேமிங் ஹெட்செட்டா, சாதாரண ஹெட்போனும் தனி மைக்குமா என்பதில் பதில்கள் இரண்டாகப் பிரிந்திருந்தன. இரண்டாவது வழியில் இறங்கி, ஆடியோ-டெக்னிகா எம்20எக்ஸ் என்ற வயர் ஹெட்போனையும் சட்டையில் மாட்டும் சிறிய மைக்கையும் வாங்கிவிட்டேன்.

புளூடூத்தை ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. ஒலி தாமதமாக வருவது ஒருபுறமிருக்க, கணினியில் அதன் மைக்கை இயக்கியதும் பெரும்பாலான ஹெட்செட்டுகள் அழைப்புக்கான முறைக்கு மாறிவிடுவதால், ஸ்டீரியோ போய், பாட்டும் கேமும் தொலைபேசியில் கேட்பதுபோல் ஒலிக்கின்றன.

எம்20எக்ஸின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) குறைவு, 47 ஓம்தான் என்பதால் மடிக்கணினியிலிருந்தே போதிய சத்தம் கிடைக்கிறது. தனி ஆம்ப்ளிஃபையர் தேவைப்படவில்லை. பேஸ் அதிரவில்லை என்று சிலர் குறைப்படக்கூடும்; ஆனால் வெடிச்சத்தத்துக்கு நடுவிலும் பின்னால் வருபவரின் காலடி தனியாகக் கேட்பதும், மிருதங்கத்துக்கு அடியில் தம்புரா புதைந்துபோகாததும் எனக்கு அதைவிட முக்கியம். மூன்று மீட்டர் வயர் நாற்காலிச் சக்கரத்தில் சிக்குகிறது, அதைக் கழற்றி மாற்றவும் வழியில்லை.

ஒரே ஒரு 3.5 மி.மீ. துளை உள்ள மடிக்கணினிக்கு, ஹெட்போனையும் மைக்கையும் ஒன்றாக இணைக்கும் ஸ்பிளிட்டரும் வேண்டும். இருவர் சேர்ந்து பாட்டுக் கேட்பதற்கான ஸ்பிளிட்டரும் அச்சு அசலாக அதே தோற்றத்தில் விற்கப்படுவதால், மடிக்கணினியில் செருகும் பின்னில் மூன்று வளையங்களும், துளைகளின்மேல் மைக், ஹெட்போன் குறிகளும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.