மதுரை–அனுராதபுரம் மின்தடம்: விதியை யார் எழுதுவது?

கொளத்தூர்க்காரன்
2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் மின்தொகுப்பு இணைப்புக்குக் கையெழுத்துப் போட்டன. மதுரையிலிருந்து அனுராதபுரம் வரை, கடலைத் தாண்டி உயரழுத்த நேர்மின் (DC) தடம் என்பது திட்டம். முதலில் கம்பியை இழுங்கள், விதிமுறையை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் என் கட்சி. 2012 ஞாபகம் இருக்கிறதா? சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. வெளி மாவட்டங்களில் பாதி நாள் கரண்ட் கிடையாது. வடக்கில் விற்க ஆள் இருந்தும் கொண்டுவரப் போதுமான தடம் இல்லை. மின்சந்தையில் தெற்குக்கு மட்டும் தனி விலை, அதுவும் கூடுதல் விலை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தில் நாடு ஒரே தொகுப்பானது. அதன் பிறகுதான் நிலைமை படிப்படியாகச் சரியானது. நடுவில் கடல் இருந்தால் மட்டும் கணக்கு மாறிவிடுமா?

அம்பத்தூர் பட்டறை
மாறும் சார். ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் மேலே ஒரே மத்திய ஒழுங்குமுறை ஆணையம். வழக்கு என்றால் போய் நிற்க ஒரு வாசல் உண்டு. இங்கே எந்த வாசல்?

நார்வேயைப் பாருங்கள். அணை மின்சாரம், மலிவு. ஜெர்மனிக்கு ஒரு கேபிள், பிரிட்டனுக்கு ஒரு கேபிள், தலா 1,400 மெகாவாட், இரண்டும் 2021-ல் செயல்பாட்டுக்கு வந்தன. அந்த நேரம் பார்த்து ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியது. அந்த விலை கேபிள் வழியாகத் தெற்கு நார்வேக்கும் வந்து சேர்ந்தது. கடைசியில் 2025 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்விதிகளை ஏற்பதா வேண்டாமா என்ற சண்டையில் அங்கே கூட்டணி அரசே உடைந்தது. சாயங்காலம் பீக் அவர் கட்டணத்துக்குப் பயந்து லேத்தை நிறுத்திவிட்டு ஆட்களை டீ குடிக்க அனுப்புகிறவன் நான். எனக்கு இது பயமாகத்தான் இருக்கிறது.

துணைமின்நிலையம்
(ஓய்வுபெற்ற மின்பொறியாளன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கம்பி இழுத்ததும் விலை தானாக ஓடிவராது தம்பி. மாறுமின் (AC) தடத்தில் மின்சாரம் தன் போக்கில் பாயும். நேர்மின் தடத்தில் இந்தப் பக்கம் இத்தனை மெகாவாட் என்று கட்டுப்பாட்டு அறையில் வைத்தால் அத்தனைதான் போகும். அந்த அளவைத் தீர்மானிப்பது நீண்டகால ஒப்பந்தமா, 15 நிமிடத்துக்கு ஒரு விலையாக நாளுக்கு 96 விலை போடும் சந்தையா என்பதுதான் கேள்வி. ஒப்பந்தம் என்றால் நார்வே கதை நமக்குப் பொருந்தாது. சந்தை என்றால் அப்படியே பொருந்தும்.

2025 பிப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து இலங்கை முழுக்க இருண்டதே, அந்த மாதிரி அதிர்ச்சியும் நேர்மின் தடம் தாண்டி இங்கே வராது. அந்தப் பயம் வேண்டாம்.

என் கவலை வேறு. இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்று, மாலை உச்சநேரமும் ஏறக்குறைய ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தலில் காற்று அடிக்கும்போதுதான் மன்னாரிலும் அடிக்கிறது. இருவர் கையிலும் ஒரே நேரத்தில் உபரி இருந்தால் யார் யாருக்கு விற்பது?

கொளத்தூர்க்காரன்
டெல்லிக்கு விற்கலாம் சார்! புகளூர்–ராய்கர் தடம் 6,000 மெகாவாட், தேவைப்பட்டால் தெற்கிலிருந்து வடக்கேயும் அனுப்பும் வசதியோடு கட்டியது. மன்னார் காற்றுக்குச் சந்தை தமிழ்நாடு மட்டும் இல்லை.

வெள்ளவத்தை
சென்னையில் படிக்கும் கொழும்புக்காரி நான். நீங்கள் எல்லாரும் உங்கள் பில்லைப் பற்றியே கதைக்கிறீர்கள். நாங்கள் யோசிப்பது வேறு. இந்தியாவின் எல்லை தாண்டிய மின்வணிக விதிகள் 2018, 2019-இல் வந்தவை. எழுதியது ஒரு தரப்பு மட்டும்தான். நேபாளம் 2021 முதல் இந்திய மின்சந்தையில் இருக்கிறது. ஆனால் எந்த அணையின் மின்சாரத்தை விற்கலாம் என்று இந்தியா ஒவ்வொன்றாக அனுமதி தரவேண்டும். சீன முதலீடு இருந்தால் கிடைக்காது. வங்கதேசத்துக்கென்றே ஜார்க்கண்டில் கட்டிய 1,600 மெகாவாட் கோட்டா (Godda) மின்நிலையம், 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து ஒரு வாரத்திற்குள் விதி திருத்தப்பட்டு, உள்நாட்டிலும் விற்கலாம் என்று ஆனது. நாளைக்கு எங்களுக்கும் அப்படி நடந்தால்?

அம்பத்தூர் பட்டறை
இந்தம்மா சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான். இருவருக்கும் பொதுவான ஒரு அமைப்பு வேண்டும். ஐரோப்பாவில் ஸ்லோவேனியாவின் லுப்லியானாவில் ஒன்று இருக்கிறது. அது விலை நிர்ணயிப்பதில்லை. சந்தையில் யாராவது தில்லுமுல்லு செய்கிறார்களா என்று கண்காணிக்கும். எல்லை தாண்டிய விஷயத்தில் நாட்டு ஆணையங்கள் ஒத்துப்போகவில்லை என்றால் முடிவு சொல்லும்.

கொளத்தூர்க்காரன்
அவ்வளவு பெரிய அமைப்பு இருந்தும் 2022-ல் என்ன ஆயிற்று? ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்நிலையங்களுக்கான எரிவாயு விலைக்கு உச்சவரம்பு வைத்தன. வித்தியாசத்தை அந்த ஊர் மக்கள் பில்லில் கட்டினார்கள், எல்லைக்கு அப்பால் பிரான்ஸ் அந்த மலிவு மின்சாரத்தை அள்ளிக்கொண்டது. அப்புறம், நம் பக்கம் 2014-லேயே காத்மாண்டில் சார்க் நாடுகள் மின்சார ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கவில்லை. இவர்கள் ஆணையம் அமைக்கும் வரை காத்திருந்தால் என் பேரன்தான் கேபிளைப் பார்ப்பான்.

துணைமின்நிலையம்
ஆணையத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், ஒப்பந்தத்திலேயே மூன்று வரி போதும். பற்றாக்குறை நாளில் எந்தப் பக்கம் எவ்வளவு குறைக்கலாம். விதி மாறினால் எத்தனை மாதம் முன்னறிவிப்பு. தகராறை மூன்றாம் நாட்டில் யார் விசாரிப்பது. சந்தையில் சேர்ப்பதைப் பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம்.

வெள்ளவத்தை
இரண்டாவது வரிக்கு எங்கள் பக்கம் உடனே கையெழுத்துப் போடுவார்கள். டெல்லி போடுமா?

அம்பத்தூர் பட்டறை
நாலாவது வரி ஒன்றும் சேருங்கள் சார். உபரி இல்லாமல் கேபிள் சும்மா கிடக்கும் மாதங்களுக்கும் தடக் கட்டணம் உண்டு. அது யார் பில்லில் ஏறும்?